ஹஜ் யாத்திரையில் பெண்களுக்குரிய விதிகள்: மஹ்ரம் துணையின் வரலாறு

சென்று சேரப் பொருளும் வழியும் வாய்த்த ஒவ்வொருவர் மீதும் ஹஜ் கடமை என்று திருக்குர்ஆன் விதிக்கும்போது ஆண், பெண் என்னும் பேதம் பாராட்டவில்லை. ஆயினும், ஒரு பெண்ணுக்கு வழி வாய்த்துவிட்டது என்று எப்போது கொள்ளலாம் என்னும் வினாவில் இமாம்களிடையே அபிப்பிராய பேதம் தோன்றி, இன்றளவும் நீடித்து வருகிறது. இவ்விதிகளுள் பல, யாத்திரை வழியிலே பெண்களுக்கு நேர்ந்த இடையூறுகளுக்கு விடையாகப் பிறந்தவை என்பதே அவற்றின் சரித்திரத்தை ஆராய்வோர்க்குப் புலப்படும் உண்மை.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் (கி.பி. 632) நபிகள் நாயகம் (ஸல்) நிறைவேற்றிய இறுதி ஹஜ்ஜே இதற்குத் தலையாய ஆதாரம். மதீனாவிலிருந்து புறப்பட்ட கூட்டம் துல்ஹுலைஃபாவை அடைந்தபோது, அபூபக்கரின் (ரலி) மனைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அங்கே ஆண்மகவு ஈன்றார். இந்நிலையில் தாம் செய்வது யாது என்று அவர் கேட்டனுப்ப, குளித்துத் துணி கட்டிக்கொண்டு, யாத்திரைக்குரிய புனித நிலையாகிய இஹ்ராம் பூணுமாறு விடை வந்தது. மக்காவுக்கு அண்மையிலுள்ள ஸரிஃபில் மாதவிலக்குற்று அழுதிருந்த அன்னை ஆயிஷாவை (ரலி) நாயகம் தேற்றி, கஅபாவை வலம் வரும் தவாஃப் நீங்கலாக ஏனைய கிரியைகள் அனைத்தையும் நிறைவேற்றலாம் என்று பணித்தார்கள். பின்னர் அவர் உம்ரா செய்ய விழைந்தபோது, சகோதரர் அப்துர் ரஹ்மானோடு தன்ஈமுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆயிஷாவின் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் அங்கே இன்றும் இருக்கிறது. உடல் பருத்து நடை தளர்ந்த அன்னை ஸவ்தாவுக்கு (ரலி), ஜனநெருக்கடிக்கு முன்பே முஸ்தலிஃபாவிலிருந்து இரவில் புறப்பட அநுமதி கிடைத்தது. பெண்கள் கேட்ட கேள்விகளும் பட்ட சிரமங்களுமே இங்கே சட்டத்துக்கு மூலமாயின.

துணையைப் பற்றிய விதி இவ்வளவு எளிதில் தீரவில்லை. போருக்குப் பெயர் கொடுத்திருந்த ஒருவர் தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டாள் என்று தெரிவித்தபோது, போரை விடுத்து அவளோடு செல்லும்படி நாயகம் கட்டளையிட்டார்கள் என்பது ஒரு ஹதீஸ். ஹீராவிலிருந்து ஒரு பெண் இறைவனையன்றி எவருக்கும் அஞ்சாது பிரயாணம் செய்து கஅபாவை வலம் வரும் காலம் வரும் என்று அதீ பின் ஹாத்திமிடம் கூறினார்கள் என்பது மற்றொன்று. கலீஃபா உமர் (ரலி) தம் கடைசி ஹஜ்ஜின்போது, நபியின் மனைவியரை உஸ்மான், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் ஆகியோரின் காவலில் அனுப்பியதும், மணம் புரியத் தகாத உறவினனாகிய மஹ்ரமின்றிச் செல்லலாம் என்பார்க்குச் சான்றாயிற்று. அவர்கள் விசுவாசிகள் அனைவர்க்கும் அன்னையராதலின் அந்நிகழ்ச்சி மற்றப் பெண்களுக்குப் பொருந்தாது என்பது இமாம் அபூஹனீஃபாவைப் பின்பற்றும் ஹனஃபிகளின் மறுமொழி.

இவற்றை எடைபோட்ட இமாம்களுள் அபூஹனீஃபா, மூன்று நாள் பிரயாண தூரத்துக்கு அப்பாலிருந்து வரும் பெண்ணுக்குக் கணவனேனும் மஹ்ரமேனும் துணை வேண்டும் என்றார். அஹ்மத் பின் ஹன்பலின் நிலையும் இதனை ஒட்டியதே. கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கைக்குரிய பெண்களின் கூட்டமே போதும் என்று இமாம் ஷாஃபி (767–820) நிர்ணயித்தார். மாலிக்கும் நம்பகமான கூட்டத்தை ஏற்றார். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபும் (சட்டப் பிரிவும்) உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபும் பெரிதும் வழங்கும் தமிழ்நாட்டில், அண்டையூர்ப் பெண்கள் இருவர்க்கு இருவேறு விதி பொருந்துவது இதனாலேயே.

வழியின் அச்சமே பின்னும் சட்டத்தை நெகிழச் செய்தது. 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா, மாதவிலக்குற்ற பெண்ணுக்காக யாத்திரைக் கூட்டம் காத்திராமல் புறப்பட்டுவிடும் அபாயத்தைக் கருதி, நிர்ப்பந்தத்தில் அவள் அந்நிலையிலேயே கடமையான தவாஃபை முடிக்கலாம் என்று தீர்ப்பளித்தார்.

நெடுங்காலம் மஹ்ரம் துணையை வற்புறுத்திய சவூதி அரசு, 45 வயது கடந்தோர் ஒழுங்கமைந்த குழுவாக வருவதற்கு மட்டும் இடமளித்திருந்தது. 2018ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு இந்திய அரசும் அவ்வயதுப் பெண்கள், தம் மத்ஹபு இசையுமாயின், குறைந்தது நால்வர் சேர்ந்த குழுவாகச் செல்ல வழி செய்தது. 2022 அக்டோபரில் சவூதி ஹஜ் அமைச்சர் தவ்ஃபீக் அல்ரபீஆ, மஹ்ரம் கட்டாயமில்லை என்று கெய்ரோவில் அறிவித்தார். மறு ஆண்டில் இந்தியாவிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட பெண்கள் அவ்வாறு சென்றனர். இதனை நூதனம் என்று கண்டிப்போரும் புரட்சி என்று கொண்டாடுவோரும், நம்பகமான பெண்களின் கூட்டத்தை ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்பே போதிய துணையாக ஏற்ற இமாம் ஷாஃபியின் நிர்ணயத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டுகிறேன்.