விதானமும் சுவடியும்: மாத்தளை தரும் வரலாற்றுப் பாடம்

நூல்கள் உறையும் இடத்தின் விதானம், அந்நூல்களைச் சமுதாயம் எவ்வாறு மதித்தது என்பதையும் ஓரளவு உணர்த்தும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர் தம் மாளிகை நூலகங்களின் விதானத்தைச் சுதை வேலைப்பாட்டால் அணிசெய்தனர். இலண்டனிலுள்ள கென்வுட் மாளிகையில் ரொபேட் அடம் 1767 முதல் உருவாக்கிய நூலகம் இதற்குச் சான்றாகும். அதன் வளைந்த விதானத்தை ஜோசப் ரோஸின் சுதையணிகளும் அன்டோனியோ சுக்கியின் ஓவியங்களும் அழகுசெய்கின்றன. விருந்தினரை வரவேற்கும் கூடமாகவும் விளங்கிய அந்நூலகத்தில், விதானம் உரியவரின் கல்வியையும் செல்வத்தையும் ஒருங்கே பறைசாற்றியது.

வஹகோட்டை அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்திலே இக்கலையின் வேறொரு முகத்தைக் காணலாம். தம்புள்ளையின் ஐந்து குகைகளிலும் பாறையே விதானம். மழைநீர் உட்புகாதவாறு பாறையின் முகப்பிலே விளிம்பு வெட்டப்பட்டுள்ளது. உள்ளே பாறையின் மேடுபள்ளங்களை மறைக்காது மெல்லிய காரை பூசி, அதன்மீது ஓவியம் தீட்டினர்; அண்ணாந்து நோக்குவோர்க்கு அது விரித்துக் கட்டிய வண்ணத்துகில் போலத் தோன்றும். ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்புடைய இவ்வோவியங்களுட் பல, நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்துத் (1747–1782) திருப்பணியைச் சார்ந்தவை. மாரனைப் புத்தர் வென்ற வரலாறு இரண்டாம் குகையின் விதானத்திலே விரிகின்றது. ஏடு படிக்க அறியாதார்க்கு அவ்விதானமே ஏடாயிற்று எனலாம்.

ஏடுகளுக்குரிய இடமாகப் போற்றப்படுவது மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரை. பஞ்சமும் போரும் மூண்ட கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வாய்மொழியாக வந்த திரிபிடகம் அழிந்துவிடும் என அஞ்சிய பிக்குகள், வட்டகாமணி அபயன் காலத்தில் அதனை இங்கு ஓலையில் எழுதினர் என்பது மரபு.

1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி இவ்விரு தலங்களையும் ஒருசேரத் தீண்டியது. அவ்வாண்டு யூலை 26இல் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூடினான். கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் பழைய நூலகம் அழிந்தது. தம்புள்ளையின் விதானமோ நிலைத்தது. 1991இல் அது உலக மரபுரிமைச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது.

காரை உதிரின் மீண்டும் பூசலாம். சுவடி எரியின் அதன் படி வேறிடத்தில் இருந்தாலன்றி மீட்சியில்லை. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது; அங்கிருந்த கிடைத்தற்கரிய ஓலைச் சுவடிகளோ மீளவில்லை. கூரையைப் பேணுதலோடு படியெடுத்தலும் நூலகத்தின் தலையாய கடமை என்பதே மாத்தளை உணர்த்தும் பாடமாகும்.