இரட்டைத் துவக்கம்: ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ்

இரட்டைத் துவக்கம் என்பது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, இயக்கும்போது ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு. நினைவகம் குறைந்த பழைய கணினிகளுக்கு ஆன்டிஎக்ஸும் பப்பி லினக்ஸும் நல்ல இணை. டெபியனை அடித்தளமாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியைத் தவிர்ப்பது. பப்பியை ஆஸ்திரேலியரான பேரி காவ்லர் 2003இல் தொடங்கினார்.

ஆன்டிஎக்ஸைத் தனிப் பகிர்வில் முதலில் நிறுவுவது வசதி. கிரப் துவக்க நிரலும் அதனோடு வந்துவிடும். பப்பிக்குத் தனிப் பகிர்வே தேவையில்லை. அதன் 'சிக்கன' நிறுவலில் கெர்னல், தொடக்க வட்டுக் கோப்பு, சுருக்கப்பட்ட எஸ்எஃப்எஸ் கோப்புகள் ஆகியவற்றை ஒரு கோப்புறையில் போட்டால் போதும். பயனர் செய்யும் மாற்றங்கள் தனிச் சேமிப்புக் கோப்பில் தங்கும். அதை நகலெடுத்து வைத்தால் காப்புப் பிரதி ஆயிற்று. இவ்வளவு எளிமை பெரிய இயங்குதளங்களில் கிடைக்காது.

சிக்கல் பெரும்பாலும் துவக்கப் பட்டியலில்தான். பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் கிரப் 2.06 (2021) முதல் இயல்பாக முடக்கப்பட்டுள்ளது. அதை இயக்கினாலும் கோப்புறைக்குள் இருக்கும் பப்பி அதன் கண்ணில் படாமல் போகலாம். அப்போது கிரப்பின் '40_கஸ்டம்' கோப்பில் பப்பிக்கான பதிவைக் கையால் எழுதிப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்.

இடமாற்றுப் பகிர்வை இரண்டும் பகிரலாம். ஆனால் ஒன்றை உறக்கநிலையில் விட்டு மற்றதைத் துவக்கினால் சேமித்த நிலை அழியக்கூடும். வன்பொருள் கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரமாகவும் மற்றது உலகப் பொது நேரமாகவும் கொண்டால், இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகும்.