முத்துச்சிப்பியின் அறியப்படாத மூன்று வாரங்கள்

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்குக் கடல் பெரும்பாலும் பாடநூலின் வழியாகவே அறிமுகமாகிறது. கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த ஊர் இது. இங்கு இளங்கலை விலங்கியல் பயின்றபோது, நுண்ணோக்கியின் அடியில் வைக்கப்பட்ட பழைய கண்ணாடிச் சில்லுகளில் ட்ரோக்கோஃபோர், வெலிஜர், நாப்ளியஸ், புளூட்டியஸ் ஆகிய கடல் இளவுயிரிகளைப் பார்த்துப் படம் வரைந்தோம், பாகங்களைக் குறித்தோம், மதிப்பெண் பெற்றோம். ஒரு முட்டை எத்தனை நாளில் எந்த உருவத்தை அடைகிறது என்பதை எவர், எதற்காக, எத்தனை காலம் செலவிட்டுக் கண்டறிந்தார் என்ற வினா அந்த வகுப்பில் எழவில்லை. வரலாற்று ஆய்வுக்கு வந்தபின் அவ்வினாவிற்கான ஒரு விடை மன்னார் வளைகுடாவில் கிடைத்தது. அது தங்கவயலின் வரலாற்றோடும் ஓரிடத்தில் ஒத்திருந்ததால் இங்கு எழுதத் துணிந்தேன்.

முத்துச்சிப்பிப் பார்களைப் பல நூற்றாண்டுகளாக ஆட்சியாளர்கள் சுரங்கங்களாகவே கருதினர். எண்ணினர், ஏலம் விட்டனர், வற்றியபோது காரணம் தேடினர். சிப்பி ஒரு முட்டையிலிருந்து தொடங்கும் உயிர் என்பதும், அம்முட்டைக்கும் பாறையில் ஒட்டிய சிப்பிக்கும் இடையே ஒரு நீண்ட மிதவைப் பருவம் உண்டு என்பதும் நிர்வாகக் கணக்கிற்குள் வரவில்லை. அந்த அறியாமையின் பழி கடலில் மூழ்கியவர்கள் மீது விழுந்தது. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

கொற்கை முத்து சங்கப் பாடல்களிலும், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் குறிப்பிலும் பேசப்படுவது அனைவரும் அறிந்தது. பாண்டியருக்குப்பின் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என உரிமை கைமாறியது. தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டுகளைக் குளிப்பவர்கள் ‘பார்’ என்றனர். தோலாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. பரவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிச் சிப்பி எடுத்தனர். சுறாவை மந்திரத்தால் கட்டுபவராகக் கருதப்பட்ட ‘கடல்கட்டி’ கரையில் இருந்தார். ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பிகள் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியிட்ட வளாகத்தில் எண்ணப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் சென்றது. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலத்தில் விற்கப்பட்டது.

இவ்வருவாய் ஒருபோதும் சீராக இருந்ததில்லை. தூத்துக்குடியில் 1830இல் ஒரு குளிப்பு நடந்தது. அடுத்தது 1860இல். பின்னர் 1862க்கும் 1889க்கும் இடையே மீண்டும் நீண்ட இடைவெளி. இலங்கைப் பார்களிலும் இதே நிலை; 1892 முதல் 1902 வரை அங்கே குளிப்பே இல்லை. 1830க்குப் பின்வந்த ஆண்டுகளில் தூத்துக்குடிப் பார்கள் பலமுறை சோதிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் வளர்ந்த சிப்பி போதிய அளவில் இல்லை என்றே அறியப்பட்டது. அக்காலத் தூத்துக்குடித் துறைமுக அதிகாரி கேப்டன் ராபர்ட்சன் இதற்கு இரண்டு காரணங்கள் கூறினார். பாம்பன் கால்வாய் அகலப்படுத்தப்பட்டதால் நீரோட்டம் வலுத்துச் சிப்பிகள் ஒட்டமுடியாமல் போயின என்பது ஒன்று. சங்கு குளிப்பவர்கள் அறிந்தோ அறியாமலோ பார்களைக் கலைத்துவிட்டனர் என்பது மற்றொன்று.

முதற்காரணம் நீரோட்டத்தைப் பற்றியது. உயிரியல் சார்ந்து சிந்திக்க இடம் தருவது. இரண்டாவது, ஐயத்தை மனிதர்மேல் வைப்பது. அதற்குச் சான்று தேவைப்படவில்லை. சிப்பி ஏன் வரவில்லை என்று தெரியாத இடத்தில், சங்குக்காக மூழ்கும் ஏழைத் தொழிலாளி குற்றவாளியாக நிறுத்தப்பட்டார்.

உண்மையில் என்ன நடக்கிறது? இன்று நமக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகக் கூறலாம். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியான பிங்க்டாடா ஃபியுகாட்டாவில் ஆண், பெண் தனித்தனி; சிலவற்றில் வயதிற்கேற்பப் பால்மாற்றமும் உண்டு. அவை இணைவதில்லை. பருவம் வந்ததும் சினைமுட்டையையும் விந்துவையும் நேரே கடலில் விடுகின்றன. கருவுறுதல் நீரிலேயே நிகழ்கிறது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலங்களை ஒட்டி ஆண்டிற்கு இருமுறை இனப்பெருக்கம் உச்சமடைகிறது. முட்டையின் விட்டம் ஏறத்தாழ 45 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இருபதுக்கும் மேற்பட்ட முட்டைகளை வரிசையாக அடுக்கலாம்.

கருவுற்ற சில மணி நேரத்தில் அது மயிரிழைகளால் நீந்தும் ட்ரோக்கோஃபோர் ஆகிறது. ஒருநாள் முடிவதற்குள் இரண்டு மெல்லிய ஓடுகள் தோன்றி, ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் வெலிஜர் உருவாகிறது. வீலம் என்னும் மயிரிழைத் தகட்டை விரித்து நீந்துவதோடு நுண்பாசிகளையும் அது உட்கொள்கிறது. பத்து, பன்னிரண்டு நாளில் ஓட்டின் முகடு புடைக்கிறது. பதினைந்தாம் நாள் அளவில் கண்புள்ளி தெரிகிறது. பின்னர்க் கால் வளர்கிறது. இப்பருவத்தில் அது நீந்தவும் வல்லது, தரையில் ஊரவும் வல்லது. ஒட்டுவதற்குரிய இடத்தைத் தேடுகிறது. இடம் கிடைத்தால் வீலத்தை இழந்து, நூற்கற்றையைச் சுரந்து பற்றிக்கொள்கிறது. மூன்று வாரங்களைக் கடந்து, ஏறத்தாழ 24ஆம் நாளில், மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குஞ்சுச் சிப்பி உருவாகிறது.

இந்த மூன்று வாரங்களிலும் அது ஓரளவே நீந்தும். பெரும்பாலும் நீரோட்டத்தின் போக்கிலேயே செல்லும். ஆகவே ஒரு பாரில் பிறந்த முட்டை அதே பாரில் சிப்பியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஓட்டம் அதை ஆழ்கடலுக்கோ மணற்பரப்பிற்கோ கொண்டு சென்றால் அத்தலைமுறை அழியும். பாறையில் இறங்கினாலும் மணல் மூடலாம். திருக்கையும் நட்சத்திர மீனும் தின்னலாம். ஒரு பார் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடப்பதும், திடீரெனக் கோடிக்கணக்கில் நிறைவதும் இப்பருவத்தின் தன்மையால் விளைபவை.

கடல் இளவுயிரிகளை அவற்றின் தாயுயிரியோடு இணைத்துக் காண்பதே அறிவியலில் காலந்தாழ்ந்து நிகழ்ந்தது. நண்டின் குஞ்சான ‘சோயியா’ ஒரு தனி விலங்கினமாகவே ஐரோப்பிய நூல்களில் இடம்பெற்றிருந்தது. 1820களில்தான் ஜான் வான் தாம்சன் அது நண்டின் இளமைப் பருவம் என்று காட்டினார். அதை ஏற்கவும் பலர் தயங்கினர். ஆகையால் அக்காலத் தூத்துக்குடி அதிகாரி ஒருவர் வெலிஜரை அறியவில்லை என்பதைக் குறையாகக் கூறவியலாது. அறியாத இடத்தை எதைக்கொண்டு நிரப்பினார் என்பதே வரலாற்று மாணவரின் வினா.

1850களின் இறுதியில் இலங்கை அரசு எட்வர்ட் கெலார்ட் என்னும் மருத்துவரை முத்துச்சிப்பியை ஆராய நியமித்தது. சிப்பி தன் நூற்கற்றையைத் துறந்து இடம்பெயர்ந்து மீண்டும் ஒட்டவல்லது என்பதை அவர் கவனித்துப் பதிவு செய்தார். 1860இல் அவர் மறைந்தார், ஆய்வும் நின்றது. பத்தாண்டுக் காலம் குளிப்பே இல்லாத நெருக்கடியில், 1902இல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். உடன் வந்த உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெல். ‘பெரிய பார்’ என்ற திட்டில் அவ்வாண்டு மார்ச் மாதம் கோடிக்கணக்கான இளஞ்சிப்பிகளை ஹெர்ட்மன் கண்டார். நவம்பரில் அவை இல்லை. அப்பாரில் குஞ்சுகள் மீண்டும் மீண்டும் வந்திறங்குவதும், தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளில் அழிவதும் புலனாயின. அங்கிருந்து இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். வற்றுவதன் காரணத்தைத் திருட்டிலிருந்து பிரித்து வாழ்க்கைச் சுழற்சியில் தேடிய முயற்சி என்ற வகையில் இது முக்கியமானது.

ஆனால் அரசின் பொறுமை அறிவியலின் வேகத்தோடு ஒத்துப்போகவில்லை. 1903இல் குளிப்பு மீண்டும் தொடங்கியது; 1905இல் மட்டும் இலங்கையில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1906இல் பார்கள் ஒரு தனியார் குழுமத்திற்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பிறகு சிப்பியில்லை. குழுமமும் சில ஆண்டுகளில் கலைந்தது. ஹார்னெல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, 1922இல் இந்திய முத்துக்குளிப்புப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டார். பாம்பனை அடுத்த குருசடைத் தீவில் அமைந்த முத்துச்சிப்பிப் பண்ணையில் சிப்பியின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் தொடர்ந்து கவனிக்கப்பட்டன.

இதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் ஆர். கோபால ஐயர், சென்னைக் கடலின் கடல் முள்ளெலியான சால்மாசிஸ் பைகலர் என்ற இனத்தின் கருவளர்ச்சியையும் உருமாற்றத்தையும் ஆராய்ந்து 1935இல் கட்டுரை வெளியிட்டார். புளூட்டியஸ் நம் கரையில், நம்மவர் கையில் வளர்ந்த நிகழ்வு இது. கடல் இளவுயிரி ஆய்வு அதற்குள் இங்கே வேரூன்றிவிட்டது. சிப்பியின் வெலிஜரை முழுப் பருவமும் வளர்த்தெடுக்க மட்டும் மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

தடை எங்கே இருந்தது? உணவில். 45 மைக்ரோமீட்டர் முட்டையிலிருந்து வந்த உயிரின் வாய்க்குள் செல்லுமளவு சிறிய, செரிக்கத்தக்க, தூய்மையாக வளர்க்கக்கூடிய பாசி வேண்டும். அத்தகைய ஐசோக்ரைசிஸ் கால்பானா என்னும் நுண்பாசியை 1949இல் மேரி பார்க் அறிவியலுக்கு விவரித்தார். அவர் முன்னர்ப் பணியாற்றிய இடம் ஐல் ஆஃப் மேன் தீவின் போர்ட் எரின் கடல் ஆய்வகம். 1892இல் அந்த ஆய்வகத்தை அங்கே நிறுவியவர் ஹெர்ட்மன். மன்னார் வளைகுடாவில் அவர் எழுப்பிய வினாவிற்குத் தேவைப்பட்ட ஒரு கருவி, அவர் மறைந்தபின் அவரது ஆய்வகத்திலிருந்தே வந்தது.

1947இல் தொடங்கப்பெற்று, 1949இல் மண்டபத்தில் நிலைகொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இப்பணியைத் தொடர்ந்தது. தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் கே. அழகர்சுவாமி தலைமையில் 1973இல் வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது. அதற்கான சிப்பிகள் இயற்கைப் பார்களிலிருந்தே வரவேண்டியிருந்தன, அவையோ நிலையற்றவை. ஆகவே முட்டையிலிருந்து தொடங்குவதே தீர்வு. 1981இல் தூத்துக்குடி ஆய்வகத்தில், ஐசோக்ரைசிஸ் பாசியை உணவாகத் தந்து, முட்டை முதல் குஞ்சுச் சிப்பி வரை அனைத்துப் பருவங்களும் வளர்த்தெடுக்கப்பட்டன. நாள், மணி, மைக்ரோமீட்டர்க் கணக்கில் மேலே நான் தந்த வரிசை அப்பணியின் பயன். அறியப்படாதிருந்த மூன்று வாரங்கள் அன்று அறியப்பட்டன.

அதற்குள் தூத்துக்குடிப் பார்களில் குளிப்பு நின்று 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்ததே கடைசி வரிசை. 1980களின் பிற்பகுதியில் ஆய்வகத்தில் பிறந்த இலட்சக்கணக்கான குஞ்சுச் சிப்பிகள் பார்களில் விடப்பட்டன. எனினும் பழைய குளிப்பு திரும்பவில்லை. ஜப்பானிய வளர்ப்பு முத்தால் இயற்கை முத்தின் சந்தையும் முன்னரே சரிந்திருந்தது. அறிவு கிட்டியது, அது யாருடைய பிழைப்பிற்குப் பயன்பட்டிருக்குமோ அவர்களுடைய தொழில் அதற்குமுன் முடிந்துவிட்டது.

தங்கவயலோடு ஒப்பிடுவது இவ்விடத்தில்தான் பொருந்துகிறது. 1880களில் ஜான் டெய்லர் குழுமம் இங்கே காலூன்றியது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கினர். பொன் திருட்டைத் தடுப்பதாகக் கூறி அவர்கள் கண்காணிக்கப்பட்டனர். பதிவுக்காகக் கைரேகை கேட்கப்பட்டபோது 1930இல் வேலைநிறுத்தம் செய்தனர். கொட்டிற்குள் எண்ணப்பட்ட சிப்பியும் சுரங்க வாயிலில் சோதிக்கப்பட்ட உடலும் ஒரே ஆட்சி மனநிலையின் இரு காட்சிகள். ஆழத்தில் இறங்குபவரே முதல் ஐயத்திற்குரியவர்.

ஒப்புமை இவ்வளவே, வேறுபாடு பெரிது. பொன் கருவுறுவதில்லை. தாது தீர்ந்தால் தீர்ந்ததே. 2001 பிப்ரவரி 28 அன்று எங்கள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, காத்திருந்தால் மீண்டும் ஊறும் என்று எவரும் கூறவில்லை. சிப்பிக்கு ஒரு முட்டையும், மூன்று வாரப் பயணமும், ஒட்டுவதற்கு ஒரு பாறையும் போதும். அவ்வுயிரையும் தாதுக் கணக்கில் எழுதியதுதான் பிழை. எத்தனை எடுத்தோம் என்ற பதிவேடு ஆண்டுவாரியாக நம்மிடம் உள்ளது. எத்தனை பிறந்தன, எங்கே சென்றன என்று கேட்பதற்கு நூற்றாண்டுகள் ஆயின.

இன்று இறால், நண்டு, கடலட்டை ஆகியவற்றைப் பற்றி வரும் கடல்வள அறிக்கைகளைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கையில் கரைசேர்ந்த எடையின் அட்டவணையைப் பார்த்ததும், அவ்வுயிரின் இளவுயிரிப் பருவம் எத்தனை நாள் என்பதைத் தேடிப் பாருங்கள். அது அறிக்கையில் இல்லையெனில், வளம் குறைந்ததற்குக் காரணமாக யார் சுட்டப்படுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அது படகில் இருப்பவராகவே இருக்கும். வகுப்பில் மதிப்பெண்ணுக்காக வரைந்த வெலிஜர் படத்திற்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.