காத்தா, தண்ணியா? கம்ப்யூட்டரைக் குளிர வைத்த 80 வருஷக் கதை

1/
புது கம்ப்யூட்டர் வாங்கப் போறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி: "ப்ராசஸருக்கு ஃபேன் போதுமா, லிக்விட் கூலிங் போடணுமா?" இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு நினைக்கலாம். உங்க உடம்பே லிக்விட் கூலிங்ல ஓடுற இயந்திரம்தாங்க. அதனால இந்தச் சண்டையோட வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். த்ரெட் கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

2/
முதல்ல உடம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாம ஏறக்குறைய 100 வாட் சூட்டை உண்டாக்குறோம். கல்லீரல், மூளை, தசைன்னு உள்ளே உருவாகுற சூட்டை ரத்தம் அள்ளிட்டுப் போய் தோல்ல கொட்டுது. இதயம் பம்ப், ரத்தம் கூலன்ட், தோல் ரேடியேட்டர்.

ஆனா ஒண்ணு கவனிங்க. தோலுக்கு வந்த சூடு அதுக்கப்புறம் எங்கே போகுது? காத்துக்குத்தான். ரத்தம் சூட்டை அழிக்கல, இடம் மாத்துது. இதை மனசுல வச்சுக்கங்க, கடைசி வரைக்கும் தேவைப்படும்.

3/
அப்போ நடுவுல திரவம் எதுக்கு? ஒரு லிட்டர் தண்ணியை 1 டிகிரி சூடேத்த ஆகுற வெப்பம், ஒரு லிட்டர் காத்தை 1 டிகிரி சூடேத்த ஆகுறதைவிட சுமார் 3,500 மடங்கு அதிகம். சின்ன இடத்துல இருந்து நிறைய சூட்டை வேகமா வெளியேத்தணும்னா தண்ணியை அடிச்சுக்க ஆளில்லை. இவ்வளவுதான் மொத்த இயற்பியலும். மீதியெல்லாம் வரலாறு.

4/
1946, பிலடெல்பியா. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல எனியாக் கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினாங்க. சுமார் 18,000 வால்வுகள். பழைய ரேடியோவுல மினுமினுன்னு எரியுமே, அதே வகை. சுமார் 150 கிலோவாட் மின்சாரம் குடிச்சது, குடிச்சதெல்லாம் சூடா வெளியே வந்தது. குளிர்விக்க? பெரிய பெரிய ஊதுவிசிறிகள். காத்துதான். இயந்திரம் ஒரு பெரிய ஹால் முழுக்கப் பரவி இருந்ததால காத்தே போதுமா இருந்தது.

5/
அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. எல்லாம் சுருங்குச்சு. சுருங்கினா சூடு குறையணுமே? ஒவ்வொரு துண்டும் குறைவாத்தான் சுட்டது. ஆனா ஒரே இடத்துல நூறு மடங்கு துண்டுகளை அடுக்கினா என்ன ஆகும்? 10 பேர் இருக்கிற ஹாலும், அதே 10 பேர் ஏறின ஆட்டோவும் மாதிரி. 1960-களோட பெரிய ஐபிஎம் மெயின்ஃப்ரேம்கள்ல ஃபேன் காத்து போற வழியிலேயே குளிர்ந்த நீர்க் குழாய்களை வச்சு, காத்தைக் குளிர வச்சு அனுப்பினாங்க. தண்ணி பின்வாசல் வழியா உள்ளே வந்தது இப்படித்தான்.

6/
1976. சீமோர் க்ரே வடிவமைச்ச க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போச்சு. ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைஞ்ச கோபுரம், சுத்தி மெத்தை போட்ட பெஞ்சு. உட்கார்றதுக்கு வச்சதுன்னு நினைப்பீங்க. மின்சப்ளை எல்லாம் அந்தப் பெஞ்சுக்கு அடியிலதான். சுமார் 115 கிலோவாட் சூடு. அதை வெளியேத்த நம்ம ஃப்ரிட்ஜ்ல ஓடின அதே ஃப்ரியான். கம்ப்யூட்டரையே ஒரு ஃப்ரிட்ஜுக்குள்ள கட்டின மாதிரிதான்.

7/
ஆனா திரவம்னா கசிவு கூடவே வரும். முதல் க்ரே-1 தயாராகுறதே சில மாசம் தள்ளிப்போச்சு. ஃப்ரியானோட கலந்திருந்த மசகு எண்ணெய் மூட்டுகள் வழியா மெல்லக் கசிஞ்சு சர்க்யூட் போர்டுகள் மேல படிஞ்சது. டிரிப் லைன் போட்ட எவரும் இதைப் புரிஞ்சுப்பாங்க. திரவம் எங்கே ஓடணுமோ அங்கே ஓடுற வரைக்கும்தான் அது நண்பன்.

8/
1980-ல ஐபிஎம் 3081 வந்தது. இதோட குளிர்விப்பு ஏற்பாடு பொறியியல்ல ஒரு அழகு. ஒரு கையகல பீங்கான் தட்டு, அதுல நூத்துக்கும் மேல சிப்கள். ஒவ்வொரு சிப் தலையிலயும் ஸ்பிரிங் வச்ச ஒரு அலுமினிய பிஸ்டன் மெதுவா உட்கார்ந்திருக்கும். இடுக்குகள்ல ஹீலியம் வாயு, ஏன்னா காத்தைவிட அது வெப்பத்தை நல்லாக் கடத்தும். மேல குளிர்நீர் ஓடுற உலோகத் தட்டு. தண்ணி சிப்பைத் தொடவே தொடாது. ஆனா ஒரு தட்டுல இருந்து 300 வாட் வரைக்கும் சூட்டை இழுத்துடும்.

9/
சீமோர் க்ரே இன்னும் ஒரு படி மேல போனார். 1985-ல வந்த க்ரே-2-ல போர்டுகளை மொத்தமா திரவத்துலயே மூழ்கடிச்சுட்டார். தண்ணியில இல்லைங்க, ஷார்ட் ஆயிடும். ஃப்ளோரினெர்ட்னு மின்சாரம் கடத்தாத ஒரு திரவம். பக்கத்துலயே கண்ணாடித் தொட்டியில அது அருவி மாதிரி கொட்டுறதைப் பார்க்கலாம். பழுது பார்க்கணும்னா முதல்ல திரவத்தை வடிக்கணும்.

10/
இங்கே ஒரு மருத்துவக் கிளைக்கதை. இந்தத் திரவம் பெர்ஃப்ளூரோகார்பன் குடும்பம். 1966-லேயே லேலண்ட் கிளார்க், அவர் சகா கோலன் ரெண்டு பேரும் ஆக்சிஜன் ஏத்தின இதே வகைத் திரவத்துல எலிகளை மூழ்கடிச்சாங்க. எலிகள் சாகல, அந்தத் திரவத்தையே சுவாசிச்சுது! நம்ம ஐசியூ-வுல ரத்த ஆக்சிஜன் அளவைச் சொல்ற ஏபிஜி மெஷினுக்கு அடிப்படையான எலக்ட்ரோடைக் கண்டுபிடிச்சதும் இதே கிளார்க்தான். செயற்கை ரத்தத்துக்கு ஆராயப்பட்ட குடும்பமும், சூப்பர் கம்ப்யூட்டரோட 'ரத்தமும்' ஒண்ணு.

11/
இப்போ முக்கியமான திருப்பம். 1990 வாக்குல பெரிய மெயின்ஃப்ரேம்னாலே தண்ணிக் குழாய்னு ஆகியிருந்தது. ஆனா ஏன் அவ்வளவு சூடு? அந்தக் காலத்து வேகமான சிப்கள் பைபோலார் வகை. வேலை செஞ்சாலும் செய்யாட்டாலும் கரண்ட் ஓடிட்டே இருக்கும். யாரும் பிடிக்காத நேரத்துலயும் திறந்தே கிடக்கிற தெருக்குழாய் மாதிரி.

12/
சீமாஸ்னு இன்னொரு வகை உண்டு. மாறும்போது மட்டும்தான் பெரும்பாலும் கரண்ட் எடுக்கும். ஆரம்பத்துல மெதுவானதுன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. 1994-ல ஐபிஎம் சீமாஸ் மெயின்ஃப்ரேமைக் கொண்டு வந்தப்போ தண்ணிக் குழாயே தேவைப்படல, காத்து போதுமா இருந்தது. முதல் தலைமுறையில வேகம் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனாலும் உலகம் அந்தப் பக்கம் சாய்ஞ்சது.

கவனிச்சீங்களா? தண்ணியைக் காத்து ஜெயிக்கல. சூடு பிறக்கிற இடத்துல யாரோ குழாயை மூடினாங்க.

13/
நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் கதையும் இதேதான், சில வருஷம் தள்ளி. 1985-ல வந்த 386 ப்ராசஸருக்குத் தலையில ஹீட்சிங்க்கூடக் கிடையாது. வேகமான 486-கள் வந்தப்போ ஹீட்சிங்க் வந்தது. 1993-ல பென்டியம் வந்ததும் ஃபேன் சாதாரணமாச்சு. அடுத்த பத்து வருஷம் வேகம் ஏற ஏற ஃபேனும் பெருசாச்சு, சத்தமும் பெருசாச்சு.

14/
இதுக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கை இருந்தது. டிரான்சிஸ்டரைச் சுருக்கினா அதோட வோல்டேஜையும் குறைக்கலாம், அதனால அதே பரப்பளவுல சூடு ஏறாதுன்னு 1974-ல ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் காட்டியிருந்தாங்க. முப்பது வருஷம் அது ஓடுச்சு. அப்புறம் ஒரு அளவுக்குக் கீழே வோல்டேஜைக் குறைக்க முடியல. டிரான்சிஸ்டர் 'ஆஃப்'ல இருக்கும்போதும் கரண்ட் கசிய ஆரம்பிச்சது. மறுபடியும் ஒழுகுற குழாய்.

15/
2004 அந்த வருஷம். இன்டெல்லின் பென்டியம் 4 பிரெஸ்காட் 100 வாட்டைத் தாண்டினது. ஜனங்க அதுக்கு வச்ச பேரே 'பிரெஸ்ஹாட்'. அதே வருஷம் ஆப்பிள் தன்னோட 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5-ஐ லிக்விட் கூலிங்கோட வித்தது. பெரிய கம்பெனி ஒண்ணு கடையில விக்கிற கம்ப்யூட்டர்லயே பம்பும் ரேடியேட்டரும்! பின்னாடி அதுல சில பெட்டிகள்ல கூலன்ட் கசிஞ்சு உள்பாகங்கள் அரிச்சதும் நடந்தது. அந்த ஜி5-ஐ லேப்டாப்புக்குள்ள கடைசி வரைக்கும் அடக்க முடியல.

16/
அப்போ வைத்தியம் என்ன? இன்னும் பெரிய பம்பா? இல்லை. 2004 மே மாசம் இன்டெல் தன்னோட அடுத்த சூடான திட்டமான தேஜஸைக் கைவிட்டது. ஒரே மூளையை வேகமா ஓட்டுறதை விட்டுட்டு, நிதானமா ஓடுற ரெண்டு கோர்களுக்கு மாறினாங்க. 2006-ல வந்த கோர் 2 டுவோ 65 வாட்லயே பழையதைவிட நல்லா வேலை செஞ்சது. ஆப்பிளும் இன்டெல்லுக்கு மாறுச்சு. வீட்டு மேஜையில காத்தே மறுபடி போதுமாச்சு.

17/
டாக்டரா இதை நான் இப்படித்தான் படிக்கிறேன். காய்ச்சலுக்கு ஈரத்துணியும் பாராசிட்டமாலும் கொடுப்போம். தேவைதான். சில நேரம் அதுதான் உயிரைக் காப்பாத்தும். ஆனா காய்ச்சல் நிக்கிறது கிருமிக்கு மருந்து போகும்போதுதான். கூலிங் எல்லாமே ஈரத்துணி. சிமாஸும் டுவல் கோரும்தான் மருந்து. ரெண்டு தடவையும் மருந்து வந்ததும் ஈரத்துணி சின்னதாச்சு.

18/
இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். முதல் விஷயம்: நல்ல 'ஏர் கூலர்'லயும் திரவம் இருக்கு! அந்தச் செம்புக் குழாய்கள் திடமான கம்பி இல்லை. உள்ளே கொஞ்சம் திரவம், சூடான முனையில ஆவியாகி, குளிர்ந்த முனையில திரும்ப நீராகி ஓடி வரும். 1963-ல லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் செஞ்ச ஹீட் பைப் இதுதான். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை.

19/
ரெண்டாவது: லிக்விட் கூலர்லயும் கடைசியில ரேடியேட்டர் மேல ஃபேன்தான் ஊதுது. ரூம் 36 டிகிரின்னா ரெண்டுமே அதுக்குக் கீழே கொண்டு போகாது.

மூணாவது: கெட்டுப்போகும் விதம். ஏர் கூலர்ல ஃபேன் நின்னாலும் உலோகம் கொஞ்ச நேரம் தாங்கும், ஒரு ஃபேன் வாங்கி மாத்தினா போதும். பம்ப் நின்னா, இதயம் நின்ன மாதிரி, சூடு சட்டுனு ஏறும். ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுத் தப்பிக்கும், ஆனா மொத்த கூலரையும் மாத்த வேண்டி வரலாம்.

20/
ஆக, 65 வாட் ப்ராசஸர்ல படிப்பு, அலுவலக வேலை, சாதாரண கேமிங்னா நல்ல ஏர் கூலர் தாராளம். மணிக்கணக்கா முழு வேகத்துல வீடியோ ரெண்டரிங், 200 வாட்டுக்கு மேல போற ப்ராசஸர், பெரிய ஹீட்சிங்க் நுழையாத பெட்டி, இதுக்கெல்லாம் லிக்விட்டுக்கு நியாயம் இருக்கு. அழகுக்காக வாங்கினாலும் தப்பில்லை. அழகுக்குத்தான் காசு போகுதுன்னு தெரிஞ்சு வாங்குங்க.

21/
ஆனா கதை இங்கே முடியல. மூணாவது காய்ச்சல் இப்போ அடிச்சுட்டு இருக்கு. ஏஐ. கூகுள் 2018-லேயே தன் ஏஐ சிப்களுக்குத் திரவக் குளிர்விப்புக்குப் போயிடுச்சு. என்விடியா 2024-ல அறிவிச்ச ஜிபி200 ரேக் ஒண்ணுல 72 ஜிபியு, சுமார் 120 கிலோவாட். ஒரே ஒரு பீரோ அளவு ரேக்ல ஒரு முழு க்ரே-1-ஓட சூடு! கட்டாயம் லிக்விட் கூலிங்தான். இந்த மாதிரி ரேக்குகளை வரிசை வரிசையா அடுக்குறாங்க.

22/
அந்தச் சூடு கடைசியில எங்கே போகும்? பல டேட்டா சென்டர்கள்ல கூலிங் டவர் வழியா, தண்ணியை ஆவியாக்கி. நம்ம வியர்வை மாதிரியே. ஒரு யூனிட் மின்சாரத்தோட சூட்டை முழுக்க ஆவியாக்கித் தள்ள சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணி வேணும். 120 கிலோவாட் ரேக்குக்கு அப்படிக் கணக்குப் போட்டா மணிக்கு சுமார் 180 லிட்டர். ஒரு நாளைக்கு 4,000 லிட்டருக்கு மேல. ஒரே ஒரு ரேக்.

23/
வேற வழி இருக்கு. 2010-ல சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழகத்துல அக்வாசார்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டரை 60 டிகிரி வெந்நீரால குளிர்விச்சாங்க! சிப் அதைவிடச் சூடா இருக்கிறதால வெந்நீரும் சூட்டை எடுக்கும். வெளியே வந்த வெந்நீரை வச்சு கட்டடத்தையே கதகதப்பாக்கினாங்க. 2012-ல ஜெர்மனியில மியூனிக் பக்கத்துல சூப்பர்மக் இதையே பெரிய அளவுல செஞ்சது. வெந்நீரை வெளிக்காத்துலயே ஆற வச்சுடலாம். தண்ணியை ஆவியாக்க வேண்டாம், குளிரூட்ட தனி மின்சாரமும் ரொம்பக் குறையும்.

24/
சென்னையில அம்பத்தூர்லயும் சிறுசேரியிலயும் டேட்டா சென்டர்கள் இயங்குது. 2019-ல ஏரி வத்தி, லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்ன ஊர் இது. "லிக்விட் கூலிங் நவீனமானது"ன்னு யாராவது சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. மூடின சுற்றுல அதே தண்ணி சுத்துதா, இல்லை டவர்ல ஆவியாகுதா? ஆவியாகுற தண்ணி குடிக்கிற தண்ணியா, சுத்திகரிச்ச கழிவுநீரா? இதைக் கேக்க இன்ஜினியரிங் படிச்சிருக்கத் தேவையில்லை.

25/
முதல் ரெண்டு காய்ச்சலுக்கும் மருந்து கிடைச்சது, சிப் செய்றவங்க சூடு பிறக்கிற இடத்தையே மாத்தினதால. மூணாவதுக்கும் அந்த மருந்தைத் தேடணும். அதுவரைக்கும் ஈரத்துணி அவசியம்தான். அந்தத் துணியை யார் வீட்டுக் குடத்துல நனைக்கிறாங்கன்னு மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க.

 கம்ப்யூட்டர் வாங்கப் போற நண்பர் யாராவது இருந்தா அனுப்பி வைங்க.