புத்தளத்து அன்சாரிகள்

"தஃவா" என்று சொன்னால் எங்கட ஊர்ல உடனே நினைவுக்கு வாறது பயான், துண்டுப்பிரசுரம், ஸ்பீக்கர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி இதே கரையில மார்க்கத்தைச் சோத்துப் பானையோட தூக்கிக்கொண்டு போன ஒரு இளைஞர் கூட்டம் இருந்தது. எங்கட வயசுப் பொடியன்மார்தான். அவங்க செய்தது என்ன, அது எந்த இடத்துல நின்று போனது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கிட்டத்தட்ட 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அது நடந்தது ஒக்டோபர் 30ஆம் திகதி. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் வரவழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் போகச் சொன்னார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்களுக்குச் சில நாள் அவகாசம். நகை, காசு, உடைமை எல்லாம் அங்கேயே. கொஞ்சக் காசும் மாற்று உடுப்பும்தான் மிச்சம். யாழ்ப்பாணத்துச் சனம் வவுனியாப் பக்கமாக நடந்தும் லொறியிலும் வந்தது. மன்னார்ச் சனத்தில் பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள்.

ஏன் புத்தளம்? கிட்ட இருந்தது, தமிழ் பேசும் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் இடையில் உள்ள கடல் ஒரு பழைய பாதை. முத்து, மீன், உப்பு, கலியாணம் எல்லாம் அதில் போய் வந்திருக்கின்றன. 1344இல் இப்னு பதூதா வந்து இறங்கிய "பத்தாளா"வைப் பலரும் புத்தளம் என்றுதான் அடையாளம் காண்கிறார்கள். அவர் சந்தித்தது ஆரியச்சக்கரவர்த்தியை, யாழ்ப்பாணத்து அரசனை. புத்தளமும் வடக்கும் வேற வேற உலகம் என்று நினைக்கிறது இந்தக் காலத்துப் பழக்கம்.

வந்த சனத்துக்கு அரசாங்கம் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆயத்தமாக இருந்தது ஊர்தான், அதுவும் உண்மையில் ஆயத்தம் இல்லாமலே. பள்ளிவாசல்களைத் திறந்தார்கள், பாடசாலைகளைத் திறந்தார்கள், தென்னந்தோட்டக்காரர்கள் தோட்டத்தை விட்டுக் கொடுத்தார்கள். தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, நுரைச்சோலை, கற்பிட்டி எங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. இதில் கைவேலை முழுக்க இளைஞர்களுடையது. வீடு வீடாகப் போய் அரிசியும் தேங்காயும் சேர்த்தது, சட்டி பானை இரவல் வாங்கினது, கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்தது, காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எல்லாம் அவங்கதான். குசினிக்குள் நின்ற பெண்களைப் பற்றி யாரும் பேசுறதில்லை. நூறு பேருக்குச் சோறு என்றால் யாரோ நூறு பேருக்கு அரிசி கழுவியிருக்க வேணும். முன்பின் தெரியாத பெண்களைத் தங்கட கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளிக்க வைத்து, உடுக்கச் சாரி எடுத்துக் கொடுத்ததை எந்தச் சபைக் குறிப்பிலும் எழுத மாட்டார்கள்.

அந்த நாள்களில் ஊரை இயக்கினது ஒரு கதை. கொத்பாவிலும் திண்ணையிலும் சொல்லப்பட்ட கதை: மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் முஹாஜிர்கள், அவர்களை ஏற்றுக்கொண்ட மதீனாக்காரர் அன்சாரிகள். இப்போ நீங்கதான் அன்சாரிகள் என்று சொன்னால், ஒரு இருபது வயசுப் பொடியனுக்கு அதைவிட வேற என்ன வேணும்? கடமை என்ன என்று விளக்கவே தேவையில்லை. சின்ன வயசில் குர்ஆன் மத்ரஸாவில் கேட்ட கதைக்குள் திடீரென்று தானே ஒரு ஆளாக நிற்கிறான். மார்க்கத்தைப் பகிர்வது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எங்கட மாவட்ட வரலாற்றில் எனக்குத் தெரிய இல்லை.

பகிர்தல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவும் இல்லை. வந்தவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், மௌலவிமார் இருந்தார்கள், கெம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள் இருந்தார்கள். கொட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கிடுகுக் கூரையைப் போட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்த பாடசாலைகளில் அகதிப் பிள்ளைகள் பின்னேரம் படித்தார்கள். எருக்கலம்பிட்டியார் பாலாவிக்குப் பக்கத்தில் நாகவில்லில் குடியேறித் தங்கட ஊர்ப் பேரையே அந்த இடத்துக்கும் கொண்டுவந்தார்கள். புத்தளத்தின் இன்றைய டியூஷன் வகுப்புகள், கடைத்தெரு, பள்ளி நிர்வாகம் எதை எடுத்தாலும் வடக்கின் கை இருக்கும். கொடுத்தவர் புத்தளத்தார், வாங்கினவர் வடக்கார் என்று மட்டும் எழுதினால் வரலாறு பாதியில் நிற்கும்.

கதையின் அடுத்த பாதி கஷ்டமானது. மதீனாவில் சஃத் இப்னு றபீஃ என்ற அன்சாரி, அப்துர் றஹ்மான் இப்னு அவ்ஃப் என்ற முஹாஜிருக்குத் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். வந்தவர் துஆச் செய்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: சந்தை எங்கே இருக்கிறது? இந்த ஹதீஸைப் பயானில் எப்பவும் கொடுத்தவரின் பெருந்தன்மைக்குத்தான் சொல்வார்கள். நான் கவனிக்கிறது கேட்டவரின் கேள்வியை. அவருக்கு விருந்தாளியாக இருக்க விருப்பமில்லை.

புத்தளத்திலும் வந்தவர்கள் சந்தையைத்தான் கேட்டார்கள். அங்கேதான் முறுகல் தொடங்கினது. கற்பிட்டிக் குடாநாட்டு வெங்காயத் தோட்டங்களில், உப்பளங்களில் கூலிக்கு ஆள் கூடிச் சம்பளம் இறங்கியது. களப்பில் வலை கூடியது. கிணற்றுத் தண்ணீர், பாடசாலை இடம், அரசாங்க வேலை எல்லாத்துக்கும் வரிசை நீண்டது. நிவாரண அரிசி அகதிக்குக் கிடைத்தது. பக்கத்துக் குடிசையில் இருந்த உள்ளூர் ஏழைக்கு அது இல்லை. அவனுக்கு வந்த கோபத்தைப் பொறாமை என்று சொல்லித் தள்ளிவிட ஏலாது. அரசியல்வாதிகளும் இந்த இரண்டு பக்கத்தையும் வாக்காக எண்ணத் தொடங்கினார்கள். "முஹாஜிர்" என்ற சொல் பயானிலேயே தங்கிவிட்டது. தெருவில் நின்றது "அகதி". புத்தளத்திலேயே பிறந்து, மன்னாரைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைக்கும் அதே பேர்தான்.

இதில் என்ட அபிப்பிராயம் இதுதான். அன்சாரிக் கதை முதல் மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது. பத்தாவது வருஷத்துக்கு அது போதவில்லை. மதீனாவில் முஹாஜிர்கள் கைபருக்குப் பிறகு, ஹிஜ்ரி 7இல், தங்களுக்குத் தரப்பட்டிருந்த ஈச்ச மரங்களை அன்சாரிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே உதவிக்கு ஒரு முடிவு இருந்தது, அந்த முடிவில் இரண்டு பக்கமும் சமமானது. இங்கே அப்படி ஒரு முடிவு வரவே இல்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார். 2009இல் யுத்தம் முடிந்தது. காணி காடாகிக் கிடந்ததாலும், வேறு ஆள்கள் குடியிருந்ததாலும், பிள்ளைகள் இங்கே படித்துக்கொண்டிருந்ததாலும் திரும்பிப் போனவர்கள் ஒரு பகுதிதான். பலருக்கு ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே.

இதையெல்லாம் கணக்கெடுத்து எழுதினதும் ஒரு சேவைதான். எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனையில் புவியியல் படிப்பித்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா, எத்தனை குடும்பம், எத்தனை வீடு, எவ்வளவு இழப்பு என்று வருஷக்கணக்காகத் திரட்டினார். 2018இல் அவர் காலமானார். அவர் இல்லை என்றால் எங்களிடம் அழுகை மட்டும் இருந்திருக்கும், எண்கள் இருந்திருக்காது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஜுவைரியா மொஹிதீன் புத்தளத்தில் பெண்களோடு வேலை செய்கிறார். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் குரல்களில் அவருடையதும் ஒன்று. அதற்காக அவர்களை மார்க்கத்துக்கு எதிரி என்று சொல்பவர்கள் உண்டு. காதி நீதிமன்ற வாசலில் கைப்பிள்ளையோடு நிற்கும் பெண்ணுக்குத் துணைக்குப் போறதும் 1990இல் பானை தூக்கினதும் ஒரே வகை அமல் என்றுதான் எனக்குப் படுகிறது.

கிட்டத்து உதாரணமும் இருக்கு. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்த பிறகு, கொழும்புக் குப்பையை வண்ணாத்திவில்லுப் பக்கம் அறுவைக்காட்டில் கொட்டத் தீர்மானித்தார்கள். 2018 செப்டம்பர் கடைசியில் "க்ளீன் புத்தளம்" இளைஞர்கள் கொழும்பு முகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நூறு நாளைத் தாண்டியது. மௌலவிமார், கத்தோலிக்கப் பாதிரிமார், பிக்குமார் எல்லாரும் ஒரே பந்தலுக்கு வந்தார்கள். அங்கே உள்ளூரான், அகதி என்று பேச்சு எழவில்லை, காற்று இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. மே 13ஆம் திகதி எங்கட மாவட்டத்திலேயே, கொட்டாரமுல்லையில், ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளியைக் கும்பல் ஒன்று கொன்றது. பந்தலில் சேர்ந்து இருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூச்சப்பட்ட காலம் அது. ஓகஸ்டில் குப்பை வந்தே விட்டது.

2019க்குப் பிறகு தொண்டுக்கு ஒரு புதுப் பாரம் வந்திருக்கு. இரத்ததானம், வெள்ள நிவாரணம், கடற்கரை துப்புரவு எது செய்தாலும் "நாங்க நல்லவங்க" என்று நிரூபிக்கிற மாதிரிப் பனரும் போட்டோவும். அந்தப் பயம் எனக்கு விளங்குது, குறை சொல்லவும் மனமில்லை. ஆனால் 1990இல் பானை தூக்கினவங்கட கையில் பனர் இருக்கவில்லை. யாருக்கும் எதையும் நிரூபிக்கப் போகவும் இல்லை. அதனால்தான் அவங்கட பேரும் எங்கேயும் இல்லை.

அந்த வருஷம் பதினெட்டு வயசாக இருந்தவருக்கு இப்போ ஐம்பதைத் தாண்டிவிட்டது. அரிசி கழுவின உம்மாமார் பலர் மௌத்தாகிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் போனைக் கொண்டுபோய்ப் பதிவு செய்யலாம்: எந்தத் தோட்டம், யாருடைய கிணறு, முதல் சமையல் எந்த வீட்டில். அதே கேள்விகளைத் தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் வந்திறங்கினவர்களிடமும் கேட்க வேணும், அவங்க சொல்ற கணக்கு வேறயாக இருக்கும். வாற நோன்பு லீவில் நாலைந்து பேர் சேர்ந்தால் கற்பிட்டியிலிருந்து தொடங்கலாம்.