கையெழுத்து யாருடையது?

அண்டை நாட்டில் உள்நாட்டுப் போர் நடக்கிறது, மக்கள் சாகிறார்கள். ஒரு சனநாயக நாடு ராணுவத்தை அனுப்பலாமா? இந்திய வரலாற்றிலேயே இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன.

1970 தேர்தலில் கிழக்கு பாகிஸ்தான் மக்கள் அவாமி லீக்குக்குப் பெருவாரியாக வாக்களித்துத் தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டார்கள். 1971 டிசம்பரில் இந்திய ராணுவம் முக்தி பாகினியோடு சேர்ந்து போரிட்டது. 1972 மார்ச்சில் டாக்காவிலிருந்து விடைபெற்றது.

1987 வேறு கதை. ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஈழத் தமிழர் தரப்பில் ஒரு கையெழுத்துகூட அதில் இல்லை. ஆனாலும் அமைதிப் படையை யாழ்ப்பாண மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படை புலிகளோடு போரில் இறங்கியது. அந்த மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் மாண்டிருந்தார்கள்.

அனுப்பியது சனநாயக நாடுதான். ஆனால் அந்த அரசைக் கேள்வி கேட்க யாழ்ப்பாணத்தாருக்கு வாக்குரிமை இல்லை. நம்மைக் கேட்காமல் நமக்காகப் பிறர் முடிவெடுப்பது என்னவென்று நமக்குத் தெரியும்.

எனவே தோழர்களே, ‘ராணுவத்தை அனுப்பு’ என்ற குரல் எழும்போதெல்லாம் நாம் கேட்போம்: அந்த மக்கள் அழைத்தார்களா? அவர்களுக்கு யார் பதில் சொல்வது? எப்போது திரும்புவது? இதற்கெல்லாம் விடை இல்லையென்றால், நம் பெயரில் ஒரு துப்பாக்கியும் எல்லை தாண்டக் கூடாது.