விருந்தாளியாய்ப் போய் விளையாடியவர்கள்

2023-24 பருவத்தில் எங்கட எப்.சி. பாடன் கழகம் சலஞ்ச் லீக்கில் விளையாடியது பாடன்வாசிகளுக்கு ஞாபகம் இருக்கும். ஒரேயொரு பருவம்தான். கடைசி இடம் வந்து திரும்பக் கீழே இறங்கிவிட்டார்கள். அந்த லீக்கிலிருந்த பத்துக் கழகங்களில் ஒன்று சுவிஸ் கழகமே இல்லை. அதுதான் வாடூஸ், லீக்டென்ஸ்டைன் நாட்டின் தலைநகரக் கழகம். அந்த நாட்டில் மொத்தம் ஏழு கழகங்கள்தான். ஏழை வைத்து லீக் நடத்த முடியாது. அதனால் அவர்கள் எல்லாரும் சுவிஸ் லீக்குகளில் வந்து விளையாடுகிறார்கள். வாடூஸ் 2008, 2014, 2020 என மூன்று தடவை சூப்பர் லீக் வரைக்கும் ஏறியிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அவர்கள் சூப்பர் லீக்கில் முதலாவதாக வந்தாலும், சுவிசுக்குரிய ஐரோப்பிய இடம் அவர்களுக்குக் கிடையாது. சொந்த நாட்டுக் கிண்ணத்தை வென்றுதான் ஐரோப்பாவுக்குப் போகவேண்டும்.

உதைபந்தாட்டத்தில் இப்படி வருகிறவர்களுக்குப் பெயர் விருந்தாளி. இந்தச் சொல்லை வாசிக்கும்போது எங்களுக்கு வேறு ஞாபகமும் வரும். பாடனில் பிறவுண் பொவேரி தொழிற்சாலைக்கு வந்த இத்தாலியரை இந்த ஊர் 'விருந்தாளித் தொழிலாளர்' என்றுதான் அழைத்தது. எங்களில் பலர் கையில் வைத்திருந்த, இன்னும் சிலர் வைத்திருக்கிற எப் அட்டையில் 'தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்' எண்டு எழுதியிருக்கும். விருந்தாளி என்று கூடச் சொல்லவில்லை. சரி, அதை விடுவோம். பந்துக்கு வருவோம்.

நாடுகளின் மட்டத்தில் இந்த வழக்கத்தைப் பெரிதாக ஆரம்பித்து வைத்தது தென்னமெரிக்கா. அங்கே சங்கத்தில் அங்கத்துவ நாடுகள் பத்து. பத்தை ஒழுங்காகக் குழுக்களாய்ப் பிரிக்க முடியாது. அதனால் 1993இல் எக்குவடோரில் நடந்த கோப்பா அமெரிக்காவுக்கு மெக்சிக்கோவையும் அமெரிக்காவையும் கூப்பிட்டுப் பன்னிரண்டாக்கினார்கள். கணக்குச் சரிவரக் கூப்பிட்ட விருந்தாளி நேரே இறுதியாட்டத்துக்குப் போய் நின்றான்! 1993 யூலை 4, குவாயாகில் நகரம். ஆர்ஜென்டீனாவின் பட்டிஸ்டுட்டா இரண்டு கோல், மெக்சிக்கோவின் கலிண்டோ பெனால்டியில் ஒன்று. 2-1 என்று மெக்சிக்கோ தோற்றது. 2001இல் மறுபடியும் இறுதியாட்டம், பொகொட்டாவில் கொலம்பியாவிடம் 1-0. 1997, 1999, 2007 மூன்றிலும் மூன்றாம் இடம். 1993 தொடக்கம் 2016 வரை இடைவிடாமல் பத்துத் தடவை போனார்கள். பிற்காலத்தில் மரியாதை குறைந்துவிட்டது. 2011இல் இளம் ரீமை அனுப்பி மூன்று மச்சிலும் தோற்றார்கள். 2016இல் சிலியிடம் வாங்கிய ஏழு கோலைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது. ஆசியாவிலிருந்து போன ஜப்பான் 1999இலும் 2019இலும் ஒரு வெற்றிகூட இல்லாமல்தான் திரும்பியது.

மெக்சிக்கோவின் கழகங்களுக்கும் தென்னமெரிக்கக் கழகக் கிண்ணத்தில் இதே கதைதான். 2010இல் சீவாஸ் கழகம் அதன் இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிர்த்து விளையாடியது பிரேசிலின் இன்ரர்நசியோனல். உலகக் கழகக் கிண்ணத்துக்குப் போகிற தென்னமெரிக்க இடம், இறுதியாட்டம் தொடங்குமுன்பே பிரேசில் கழகத்துக்கு எழுதியாகிவிட்டது. சீவாஸ் வென்றாலும் அந்த இடம் அவர்களுக்கு இல்லை. (அவர்கள் வெல்லவுமில்லை.)

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். தெற்காசியக் கிண்ணத்தைப் பற்றி எங்கட ஆக்கள் அதிகம் கதைப்பதில்லை. 2023 ஜூன் 21 முதல் யூலை 4 வரை பெங்களூரில் நடந்த போட்டி விருந்தாளிகளின் வரலாற்றில் தனி இடம் பெறவேண்டியது. வீட்டுக்காரர் குறைந்து போயிருந்தார்கள். 2013இல் காட்மண்டுவில் இந்தியாவை 2-0 என வென்று கிண்ணத்தைத் தூக்கிய ஆப்கானிஸ்தான், அதற்குப் பிறகு மத்திய ஆசியச் சங்கத்தோடு சேர்ந்துவிட்டது. இலங்கையை உலகச் சம்மேளனமான பீபா 2023 ஜனவரியில் இடைநிறுத்தியது. உதைபந்தாட்டச் சங்கத்துக்குள் வெளியார் தலையீடு என்பது குற்றச்சாட்டு. மிஞ்சியது ஆறு நாடு. அங்கேதான் குவைத்தும் லெபனானும் வந்து உட்கார்ந்தன. தெற்காசியாவுக்கு வெளியேயிருந்து ரீம்கள் அந்தக் கிண்ணத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

இலங்கை ரீமை எங்கட ரீம் எண்டு சொல்ல எங்களில் பலருக்கு நா எழும்பாது. அதற்கான காரணத்தை இந்த மலரின் வாசகர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் 1995இல் கொழும்பில் இதே கிண்ணத்தை, இறுதியாட்டத்தில் இந்தியாவை 1-0 என மேலதிக நேரத்தில் வென்று எடுத்த நாட்டுக்கு, 2023இல் பந்தியில் இலையே இல்லை என்பது ஒரு மாதிரித்தான் இருந்தது.

அங்கே வந்து உட்கார்ந்த குவைத் லேசுப்பட்ட ரீம் இல்லை. 1980இல் ஆசியக் கிண்ணத்தை வென்றவர்கள். 1982இல் ஸ்பெயினில் உலகக் கிண்ணம் விளையாடியவர்கள். அங்கே பிரான்சுடன் நடந்த மச்சில் அவர்களின் இளவரசர் பார்வையாளர் பகுதியிலிருந்து மைதானத்துக்குள் இறங்கி வர, நடுவர் கொடுத்த கோலை வாபஸ் வாங்கிய கதை உலகப் பிரசித்தம். பிறகு அவர்களும் இறங்கிப் போனார்கள். 2015 ஒக்டோபர் தொடக்கம் 2017 டிசெம்பர் வரை பீபாவின் தடைக்குள் கிடந்தார்கள். வெளியில் நிற்கிறதென்றால் என்னவென்று தெரிந்தவர்கள்தான் இலங்கை இல்லாத பந்திக்கு வந்தார்கள்.

நேபாளத்தை 3-1, பாகிஸ்தானை 4-0. இந்தியாவுடனான மச்சில் சேத்ரியின் கோலால் இந்தியா முந்தி நின்றது. மேலதிகமாய்க் கொடுத்த நிமிடங்களில் அன்வர் அலி சேம் சைட் கோல் அடித்துவிட, 1-1. அந்த ஒரு கோல் செய்த வேலையைப் பாருங்கள். இரண்டு ரீமுக்கும் ஏழு புள்ளி. அடித்ததும் வாங்கியதும் கழித்தால் இரண்டுக்கும் ஆறு. மொத்தமாக அடித்த கோலில் குவைத் எட்டு, இந்தியா ஏழு. வீட்டுக்காரன் தன் காலாலேயே விருந்தாளியை முதலாம் இடத்தில் தூக்கி வைத்தான். அரையிறுதியில் பங்களாதேஷ் குவைத்தை மேலதிக நேரம் வரை இழுத்துத்தான் 1-0 என விட்டுக்கொடுத்தது. மற்றக் குழுவில் லெபனான் மூன்று மச்சும் வென்று வந்து, அரையிறுதியில் இந்தியாவுடன் கோலில்லாமல் முடித்து, பெனால்டியில் 4-2 எனத் தோற்றது.

இறுதியாட்டம் 2023 யூலை 4. மெக்சிக்கோ குவாயாகிலில் தோற்றுச் சரியாக முப்பது வருடம், அதே தேதி. 14ஆம் நிமிடத்தில் அல் காலிதி குவைத்துக்கு அடித்தார். அரைநேரத்துக்குள் சாங்தே சமப்படுத்தினார். 120 நிமிடமும் போய் 1-1. பெனால்டியில் ஐந்து ஐந்து உதைக்குப் பிறகும் 4-4. அடுத்த உதையை மகேஷ் போட, குவைத் தலைவர் காலித் ஹாஜியாவின் உதையைக் கோல்காப்பாளர் குர்ப்ரீத் பாய்ந்து தடுத்தார். இந்தியாவுக்கு ஒன்பதாவது கிண்ணம்.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு விருந்தாளிகளும் சேர்ந்து ஒன்பது மச். ஆறு வெற்றி, மூன்று சமன். அடித்தது 17, வாங்கியது 4. விளையாட்டு நேரத்தில் ஒருவரிடமும் தோற்காமல், இரண்டு பேருமே இந்தியாவின் பெனால்டியில்தான் வீட்டுக்குப் போனார்கள். பத்துத் தடவை போன மெக்சிக்கோவிடம்கூட, ஒரு மச்சும் தோற்காத இப்படி ஒரு பயணம் இல்லை.

என் அபிப்பிராயம், இதில் கூடுதல் லாபம் விருந்தாளிக்குத்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு, நவம்பர் 16இல், உலகக் கிண்ணத் தகுதிகாணில் இந்தியா குவைத்துக்கே போய் 1-0 என்று வென்றது. எல்லாரும் இந்தியாதான் அடுத்த சுற்று என்று எழுதினார்கள். 2024 ஜூன் 6, கொல்கத்தா. சேத்ரி விடைபெற்ற ஆட்டம் (2025இல் மனம் மாறித் திரும்பி வந்தார், அது வேறு கதை). கோலில்லாமல் முடிந்தது. ஐந்து நாளில் இந்தியா கட்டாரிடம் 2-1 எனத் தோற்க, குவைத் ஆப்கானிஸ்தானை 1-0 என வென்று மூன்றாம் சுற்றுக்குப் போனது.

2025இல் இந்தியாவே விருந்தாளியானது. மத்திய ஆசிய நாடுகளின் கிண்ணத்துக்கு வரவிருந்த மலேசியா விலக, அந்த இடத்துக்கு இந்தியாவைக் கூப்பிட்டார்கள். தஜிகிஸ்தானின் ஹிசோர் நகரத்தில் வீட்டுக்காரரை 2-1 என வென்றார்கள். ஈரானிடம் 3-0 எனத் தோற்றார்கள். மூன்றாவது மச் ஆப்கானிஸ்தானுடன், ஒரு காலத்தில் தெற்காசியப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்கள். இப்போது அவர்கள் வீட்டுக்காரர், இந்தியா விருந்தாளி. 0-0. மூன்றாம் இடத்துக்கு இந்தியாவும் ஓமானும் மோதின. ஓமானும் அழைப்பில் வந்த விருந்தாளிதான். 1-1 என முடிந்து, பெனால்டியில் இந்தியா 3-2 என வென்றது. இந்தத் தடவையும் கடைசி உதையைத் தடுத்தவர் குர்ப்ரீத்.